ஜன்னலுக்கு வெளியே ஒரு மூச்சு

ஆம்பூரில் பஸ் கிளம்பியதிலிருந்து அந்தப் பெண் செய்ததைப் பார்த்தால் யாருக்கும் கோபம்தான் வரும்.

ஜன்னலுக்கு வெளியே முகத்தை நீட்டுவாள். நன்றாக மூச்சை இழுப்பாள். உள்ளே வருவாள். கொஞ்ச நேரம்தான், மறுபடி வெளியே. கழுத்தில் காலேஜ் அடையாள அட்டை வேறு.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவள் சீட்டை ஒட்டி இன்பராஜ் நின்றிருந்தார். தோல் பதனிடும் டேனரியில் பச்சைத் தோல் அலசுகிற வேலை. சோப்பு தேய்த்துக் குளித்தாலும் அந்த வாடை உடம்பை விட்டுப் போகாது. அதனாலேயே பஸ்ஸில் இடம் இருந்தாலும் அவர் உட்காருவதில்லை.

முன் சீட்டில் கைக்குட்டையால் மூக்கை மூடியவர்கள்கூட மாதனூர் தாண்டியதும் எடுத்துவிட்டார்கள். இவள் மட்டும் விடுவதாக இல்லை.

பக்கத்தில் இருந்த அம்பிகாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, உன் பேர் இன்னா?"

"சௌந்தர்யா."

"நானும் பார்க்குறேன், ரொம்பத்தான் பண்றே. அவர் ஏறும்போது எனக்கும் குப்புன்னு அடிச்சுது. இப்ப ஒண்ணுமே தெரியல. மூக்கு பழகிடுச்சு. உனக்கு மட்டும் பழகாதா?"

"பழகுதுக்கா. ஒரே வாசனை வந்துட்டே இருந்தா, மூக்கு அதைக் கண்டுக்காம விட்டுடும். எல்லாருக்கும் அப்படித்தான்."

"இவ்ளோ தெரியுது இல்ல? அப்புறம் எதுக்குத் தலைய வெளிய நீட்டுறே? அந்த மனுஷன் மூஞ்சியப் பாரு!"

இன்பராஜின் முகம் சுருங்கிப் போயிருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"விடுங்கக்கா. நான் எறங்குற விரிஞ்சிபுரம் வரைக்கும் அந்தப் பொண்ணு ஏன் கஷ்டப்படணும்? பள்ளிகொண்டாவுல எறங்கி அடுத்த வண்டியில வர்றேன். எனக்கு இதெல்லாம் புதுசா இன்னா?"

படியை நோக்கி நகர்ந்தவரின் பையை சௌந்தர்யா எட்டிப் பிடித்தாள்.

"எறங்காதீங்கண்ணே!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"எங்கப்பாவும் டேனரிதாண்ணே. சின்ன வயசுல அந்த வாசனை வந்தாத்தான் எனக்குத் தூக்கமே வரும். அப்பா வந்துட்டாருன்னு அர்த்தம். போன வருஷம் போய்ட்டாரு. அவர் சட்டையெல்லாம் தொவைச்சு யார் யாருக்கோ குடுத்தாச்சு. வீட்ல எங்க தேடியும் அந்த வாசனை இல்ல. இன்னிக்கு நீங்க ஏறினதும், அவரே வந்து நின்ன மாதிரி இருந்துச்சு..."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மூக்கு பழகிட்டா மறுபடியும் காணாம போய்டுறாருண்ணே. அதான், வெளிய மூச்சு இழுத்துட்டு, திரும்பத் திரும்ப அவர்கிட்ட வர்றேன்."