மல்லாட்டைத் தோட்டில் கண்கள்

“இன்னாங்க, கண்ணு மறுபடியும் கோணிக்கினு போவுதே!” என்றாள் இருதயமேரி.

திண்டிவனம் கோயிலின் கிறிஸ்துமஸ் குடிலுக்குக் கட்டைவிரல் உயரத்தில் சுரூபங்கள் செய்தாயிற்று. கண் எழுதுவதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து அவள் புருஷன் சவுரிராயனுக்குக் கை நடுக்கம். வேர்க்கடலை உரித்துப் போட்ட மல்லாட்டைத் தோடுகளில் கண் எழுதிப் பழகிக்கொண்டிருந்தான்.

“அப்ப நீ எழுதேன்.”

“நானா? சாமி மூஞ்சி கெட்டுப்போனா பாவமாச்சே!”

அவன் வெளியே போனதும், பாவம் மனசு விட்டுவிடுவானே என்று, கோணல் கண்களை ஈரம் காயுமுன் துடைத்து நேராக எழுதி வைப்பாள். திரும்பி வந்தவன், “பரவால்லியே, கை நிதானத்துக்கு வருது” என்பான். தினமும் இதே கூத்துதான்.

கடைசியில் குழந்தை சேசுவை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, பிரஷ்ஷை அவளிடம் நீட்டினான்.

“ஐயோ, எனக்குப் பழக்கமே இல்லியே!”

“தோட்டுல கோணலையெல்லாம் நிமித்தினது யாரு? உன் கை எனக்குத் தெரியாதா? கேட்டா மாட்டேன்னுவ. அதான் இத்தினி நாளா உன்னைப் பழக்கினேன்.”

“அப்ப உங்க கை நடுக்கம்?”

அவன் உள்ளங்கையை இன்னும் அருகே நீட்டினான். சுரூபத்தை ஏந்திய அவன் கை கல்லாக நின்றது. பிரஷ்ஷைப் பிடித்த அவள் கைதான் நடுங்கியது.