சுத்தம் செய்யாத பதிவு

“கேஸ் போடத்தான் வந்திருக்கார்ண்ணா. கையில ஃபைல் வேற இருக்கு” என்று கதவைச் சாத்திக்கொண்டே சொன்னாள் ஒலிப்பதிவுக்காரி. “காலையில எட்டு மணியிலேர்ந்து வாசல்லயே நிக்கிறார். தண்ணி கொடுத்தாக்கூட வாங்கல.”

பாடகர் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இப்படி என்றைக்காவது ஒருவர் வந்து நிற்பார் என்று அவருக்குத் தெரியும்.

வருஷத்துக்கு இரண்டு முறை, ஒரு தோள்பையும் சின்ன ரெக்கார்டருமாக, சண்டை நடக்கிற ஏதாவது ஒரு பகுதிக்குக் கிளம்பிவிடுவார். அங்கே காதில் விழுந்ததுதான் இங்கே வந்து அவர் பாட்டாக ஆகும். போன வருஷம் ஓர் அகதி முகாமில், கூடாரத் துணிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் பாடிக்கொண்டிருந்ததை நின்ற இடத்திலேயே பதிவு செய்தார். அவள் வெளியே வந்ததும் அனுமதி கேட்டார். அவளும் தலையை ஆட்டினாள். பெயரைக் கேட்பதற்குள் அவர் ஏற வேண்டிய லாரி கிளம்பிவிட்டது.

அந்தக் குரலோடு தன் குரலையும் சேர்த்து அவர் வெளியிட்ட பாட்டு, போர் வேண்டாம் என்று கூடிய கூட்டங்களில் எல்லாம் ஒலித்தது. ‘அடுத்தவன் துக்கத்துல பேர் வாங்கிட்டார்’ என்று நாலு பேர் பேசியதும் அவர் காதுக்கு வந்தது. அன்றிலிருந்து தூக்கம் கெட்டது.

“வக்கீலுக்கு ஃபோன் போடவா?”

“வேணாம். அவரை உள்ள கூப்பிடு.”

வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். சட்டையில் வெல்டிங் பொறி தெறித்த பொத்தல்கள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, ஃபைலைத் திறந்து, முகாம் அடையாள அட்டை ஒன்றை எடுத்து நீட்டினார்.

“அந்தப் பாட்டுல பாடுறது என் வீட்டுக்காரிங்க.”

அட்டையில் இருந்த முகத்தைப் பாடகர் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டார்.

“நீங்க வந்த அன்னிக்கு நான் தண்ணி வரிசையில நின்னுட்டிருந்தேன். அவ பாடினது அங்க வரைக்கும் கேட்டுச்சு” என்றார் வந்தவர். “போன மாசம் பட்டறை ரேடியோவுல திடீர்னு அதே குரல். கையில இருந்ததை அப்படியே போட்டுட்டேன். அப்புறம் தினமும் கேக்குறேன். ஆனா பாட்டுல ஒண்ணு குறையுதுங்க.”

“அவங்க பேருதானே? தப்பு என் மேலதான். இனிமே எங்க வந்தாலும் அவங்க பேரோடதான் வரும்.”

“பேரெல்லாம் வேணாம் சார். அங்க வச்சு நீங்க முதல்ல பிடிச்சீங்களே, அதை ஒரு தடவை கேக்கணும்.”

ஒலிப்பதிவுக்காரி பாடகரைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையசைத்தாள். சாட்சிக்குத்தான் கேட்கிறார் என்று அவளுக்குப் பட்டது.

“அது காது கொடுத்துக் கேக்கற மாதிரி இருக்காதுங்க” என்றாள் வந்தவரிடம். “ஜெனரேட்டர் சத்தம், பாத்திரம் உருள்றது, யாரோ இருமுறது, லாரி ஹாரன்னு ஒரே இரைச்சல். மூணு நாள் உக்காந்து ஒண்ணொண்ணா எடுத்தேன். அதனாலதான் இப்ப அவங்க குரல் மட்டும் பளிச்சுனு நிக்குது.”

“பரவால்லம்மா. இரைச்சலோடயே போடுங்க.”

“உங்க வீட்டுக்காரம்மா இப்ப...” என்று இழுத்தார் பாடகர்.

வந்தவர் தலையைக் குனிந்துகொண்டார். பாடகர் ஒலிப்பதிவுக்காரியின் பக்கம் திரும்பினார்.

“போடும்மா” என்றார்.

“அண்ணா, ஒரு வார்த்தை யோசிச்சுட்டு...”

“யோசிக்க என்ன இருக்கு? அவருக்கு இல்லாத உரிமை நமக்கு எங்கேர்ந்து வந்துச்சு?”

அவள் பழைய பதிவைத் தேடி எடுத்து ஓடவிட்டாள். வந்தவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு நிமிஷம் அசையவே இல்லை. பிறகு சட்டென்று கையைத் தூக்கினார்.

“இங்கதான்... கொஞ்சம் பின்னால போங்க.”

போனாள். கேட்டார். மறுபடியும் கையைத் தூக்கினார். ஐந்தாவது முறையும் அதே இடம்தான். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

“அந்த நாலு செகண்டுல பாட்டே இல்லையேண்ணா” என்று பாடகரின் காதோரம் கிசுகிசுத்தாள் அவள். “ரெண்டு அடிக்கு நடுவுல அவங்க சும்மா நிறுத்துறாங்க, அவ்வளவுதான்.”

‘மனைவி மூச்சு விடுவதைக் கேட்கிறார்’ என்று நினைத்துக்கொண்டார் பாடகர். எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை வைத்தார். வந்தவர் ஹெட்போனின் ஒரு பக்கத்தை மட்டும் விலக்கினார்.

“முழுசையும் ஒரு பென்டிரைவ்ல போட்டுத் தர்றேன், எடுத்துட்டுப் போங்க” என்றார் பாடகர். “மனசைத் தேத்திக்குங்க. உங்க மனைவி எங்கேயும் போயிடல. இந்தக் குரல்ல அவங்க இருக்காங்க.”

வந்தவர் அவரையே ஒரு கணம் பார்த்தார்.

“பாடுறவ வீட்டுலதான் சார் இருக்கா. இருமுற பாப்பாதான் இல்ல.”