ஆமி இல்லாத தீவு

புலம்பெயர்ந்து வந்த மில்லிக்கனில் எங்கள் குசினி மேசையில் ஐஸ்லாந்து காய்ந்துகொண்டிருக்கிறது. மகள் லக்சிகாவின் பள்ளிக்கூட வேலை, ஒரு நாட்டின் மாதிரி. தரை கோதுமை மா, பனிமலை அரிசி மா, எரிமலைக்கு மிளகாய்த்தூள். தேயிலைப் பெட்டியில் வெட்டிய பாராளுமன்றத்தின் மேல் காலை வெயில் விழுகிறது. பஸ் வர இன்னும் பத்து நிமிடம். லக்சிகா குனிந்து கடற்கரையைப் பார்க்கிறாள். அங்கே பச்சைப் பிளாஸ்ரிக் சிப்பாய்கள் ஐந்து பேர் துவக்கோடு நிற்கிறார்கள். நேற்று அவள் நீச்சலுக்குப் போன நேரம், யாரும் கேட்காமலே நான் நட்டவர்கள். “அப்பா, ஹூ ஆர் தீஸ் கைஸ்?” “ஆமி.” “ஐஸ்லாந்துக்கு ஆமியே இல்லை அப்பா! மார்க்ஸ் போயிடும்!” “அப்ப நாட்டை ஆர் பாக்கிறது?” “பார்லிமென்ட்,” என்று தேயிலைப் பெட்டியைத் தட்டுகிறாள். அடுப்படியில் மனைவி நிரூபா திரும்பாமலே சிரிக்கிறாள். “வேலணையாரிட்ட வேலை குடுத்தால் உப்பிடித்தான் பிள்ளை. அவர் பிறந்த வேலணையும் தீவுதானே, தீவெண்டால் அவருக்குக் கரையில ஆமி நிக்கோணும்.” நான் சிப்பாய்களிடம் குனிகிறேன். பல்லுப் பிடுங்குவதுபோல ஒவ்வொருவராகப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போடுகிறேன். கரையில் ஐந்து குழிகள். லக்சிகாவின் உதடு அழுகைக்கு வளைகிறது. வளைந்த உதடு அப்படியே நிற்கிறது. பிறகு அவள் தூரிகையை நீலத்தில் தோய்க்கிறாள். “ஹொட் ஸ்பிரிங்ஸ்! அங்கை நிறைய இருக்கு.” குழிகள் ஒவ்வொன்றாக வெந்நீர் ஊற்றாகின்றன. வெளியே ஹோர்ன் கேட்கிறது. பிறந்தநாள் கேக்கைப்போல நாட்டை ஏந்திக்கொண்டு அவள் படியிறங்குகிறாள். நான் சட்டைப் பைக்குள் கைவிட்டுப் பார்க்கிறேன். ஐந்து பேரும் இருக்கிறார்கள். வேலை போன கவலை ஒருத்தருக்கும் இல்லை.