செல்லசாமியின் கால்

ஸ்ரீகலாவுக்கு அன்று அது நான்காவது டிரைவிங் ஸ்கூல், மக்களே. திரையைப் பார்த்து ஓட்டிப் பழகும் சிமுலேட்டரில் ஆசிரியர்கள் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்து மார்க் போடுவது அவள் வேலை. அறுபது மார்க் கிடைக்காவிட்டால் இந்த ஸ்கூல் ஆசிரியர் பாறசாலை செல்லசாமிக்கு வேலை போய்விடும்.

மாணவி லேகா ஓட்டினாள். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் செல்லசாமி. திரையில் ஆடு குறுக்கே வந்ததும் அவர் வெறுந்தரையை மிதித்தார். முப்பது வருடம் பயிற்சிக் காரில் ஆசிரியருக்கென்று இருக்கும் பிரேக்கை மிதித்துப் பழகிய கால்.

திரையில் வண்டி நின்றது.

"சாரே, ஆடு டிவியிலயாக்கும்!" லேகா சிரித்தாள்.

"இதுல உங்களுக்குப் பிரேக் கிடையாது. அவதான் சவுட்டணும்," என்றாள் ஸ்ரீகலா.

"எனக்குத் தெரியும் மேடம். காலுக்குத் தெரியல்லயே."

கடைசியில் மெஷின் ஒரு தாள் தந்தது. வண்டி நின்றது ஒன்பது தடவை. லேகா பிரேக் மிதித்தது ஒரு தடவைகூட இல்லை.

ஸ்ரீகலா அதை இரண்டு முறை படித்தாள். களைப்பாக இருந்தது. 'மாணவி பிரேக் பிடிக்கக் கற்கவில்லை' என்று எழுதி, நாற்பது மார்க் போட்டு, எதிரே நின்ற நெய்யாற்றின்கரை பஸ்ஸில் ஏறினாள்.

கண்டக்டர் இரண்டு மணி அடித்தார். பஸ் நகரவில்லை.

"நான் காலை எடுத்தாச்சு. பின்னயும் பிரேக் பிடிச்சிருக்கு," என்றார் டிரைவர்.

ஸ்ரீகலா ஜன்னல் வழியே பார்த்தாள். ஸ்கூலுக்குள் செல்லசாமி அதே நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.