விடுபட்ட பெயர்

1934-இல் மறைந்த பெரியவர்களுக்குப் பழனிச் சத்திரத்தில் அஞ்சலிக் கூட்டம். ஊர்க் கணக்கர் நல்லுசாமி ஒவ்வொரு பெயராக வாசித்து, பெயருக்கொரு விளக்கு ஏற்றினார். ஏழு பெயரோடு பட்டியல் முடிந்தது.

எங்கள் குடும்பம் இல்லாமல் ஊர்ப் பட்டியலா? மேடையேறி அவரை அறைந்தேன். வாயில் ரத்தம் வழிந்தது.

"ஏலே, ஊருக்கே குளம் வெட்டுன என் தம்பி பேரு எங்க?"

அவர் பட்டியலைத் திருப்பிப் பார்த்தார். சட்டையைப் பிடித்து மறுபடியும் அறைந்தேன். விளக்குகள் உருண்டன.

"எங்க வீட்டுல செத்தவன்னா எளக்காரமா?"

நல்லுசாமி ரத்தத்தைத் துடைத்தார். "ரங்கூன்ல சௌக்கியமா இருக்காருன்னு நேத்துவரைக்கும் நீங்கதானேய்யா சொன்னீங்க?"

பெண்கள் பக்கத்தில், நெற்றி நிறையக் குங்குமத்துடன் தம்பி மனைவி எழுந்தாள்.

"அவுகளை எங்க புதைச்சீங்க, மாமா?"