ஊறுகாய்க் குப்பியின் மூடி

"ஏட்டி லிஜி, ஓடி வா! ஊறுகா குப்பிக்க மூடிய நானே தொறந்துட்டேன்!"

அடுக்களையிலிருந்து வந்த அம்மாவின் சத்தம் கேட்டு லிஜி சீப்பும் கையுமாக ஓடினாள். லீலாபாய் ஒரு கையில் குப்பி, மறுகையில் மூடியோடு நின்றாள். மஞ்சள்காமாலையில் கண் இரண்டும் மஞ்சளாகக் கிடந்தாலும் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"எம்மா! விரலு மடங்குதா?"

"மடங்குது, நிமிருது. வலியே இல்ல மக்கா."

ஆறு வருஷமாக மூட்டுவாதம் முடக்கிப் போட்டிருந்த விரல்கள் அவை. கணவர் போன பிறகு, பூதப்பாண்டியில் பாதிப் பெண்களுக்கு ஜம்பர், அதாவது ரவிக்கை, தைத்துக் கொடுத்துத்தான் லீலாபாய் மகளைப் படிக்க வைத்தாள். ஊருக்கே ஜம்பர் தைத்தவளின் ஜம்பருக்கு இப்போது தினமும் காலையில் மகள் வந்து ஹூக் மாட்டிவிட வேண்டும். பெங்களூரில் கிடைத்த வேலைக்கு லிஜி போகாமல் இருப்பதும் அதனால்தான்.

"நான் போனா ஒங்களுக்கு ஹூக்கு யாரு போட்டு விடுவா?" என்று ஒரே கேள்வியில் பேச்சை முடித்துவிடுவாள். ஜூன் முதல் தேதி வந்து சேராவிட்டால் வேலை வேறொருவருக்கு என்று கடைசிக் கடிதமும் வந்துவிட்டது.

செய்தி கேட்டு, பக்கத்து வீட்டு எலிசா முழங்காலைப் பிடித்துக்கொண்டே வந்து சேர்ந்தாள்.

"எல்லாம் நம்ம நாட்டு வைத்தியர் தேவகுமார் ஆசானுக்க கீழாநெல்லி! காமாலைக்குக் குடுத்த மருந்து வாதத்தையும் சேத்து வெரட்டிட்டு, பாத்தியா? ஆஸ்பத்திரி மாத்திரைய நிறுத்தின பொறவுதானே லீலா ஒனக்கு சொகமாச்சு?"

நிறுத்தியது உண்மைதான். காமாலை இருக்கும்போது அந்த வாத மாத்திரை ஈரலுக்கு ஆகாது என்று டாக்டர்தான் நிறுத்தச் சொல்லியிருந்தார்.

மறுநாள் அம்மாவும் மகளும் நாகர்கோவிலுக்குப் போனார்கள். டாக்டர் சுனிதா விரல்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். லிஜி ரத்தப் பரிசோதனை முடிவை வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் லீலாபாய் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"டாக்டர் என்னம்மா சொன்னாங்க?"

"காமாலைக்கு நல்லா ரெஸ்ட் எடுக்கணுமாம். கை நல்லா இருக்கே, தைக்கலாமான்னு கேட்டேன். களைப்பு வராம கொஞ்சங்கொஞ்சமா தையுங்கன்னாங்க. நீ பெங்களூருக்கு இன்னைக்கே பதில் போடு."

லிஜிக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. வரும் வழியில் தையல் சாமான் கடையில் லீலாபாய் ஒரு பெரிய பொட்டலம் வாங்கினாள். என்னவென்று பிரித்துக் காட்டவில்லை.

அன்று சாயங்காலமே மிஷினின் உறை கழன்றது. கதவைச் சாத்திக்கொண்டு தைப்பாள், களைத்தால் படுப்பாள், எழுந்து மறுபடியும் தைப்பாள். நினைத்ததை முடிக்காமல் விடுகிற பிறவியா அவள்!

"அப்பிடி என்னதாம்மா தைக்கிறீங்க?"

"ஒரு அவசர ஆர்டர் மக்கா. தேதி தப்பப்பிடாது."

ஒருநாள் எலிசா கிளம்பி நின்றாள். "நானும் ஆசான்ட்ட போயி இந்த முட்டுக்கு மருந்து வாங்கப் போறேன்."

"வேண்டாம் எலிசாக்கா. நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க."

எலிசாவின் முகம் சுருங்கிவிட்டது. "தனக்குக் கெடச்சது அடுத்தவளுக்குக் கெடைக்கப்பிடாது" என்று தெருவில் நாலு பேரிடம் சொன்னாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? லீலாபாய் கதவைச் சாத்திக்கொண்டு அடுத்த துணியை எடுத்தாள்.

மே கடைசியில், காமாலை முழுதாக இறங்கியிருந்தது. லிஜி கிளம்பும் அன்று லீலாபாய் தன் கையாலேயே அவளுக்குத் தலை பின்னிவிட்டாள்.

"எம்மா, ரொம்ப இறுக்கிப் பின்னிட்டீங்க."

"இருக்கட்டும். பெங்களூர் போற வரைக்கும் அவுராது."

நாகர்கோவில் ஜங்ஷனில் ரயில் மறையும்வரை அந்தக் கை ஆடிக்கொண்டே இருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில், கோபமெல்லாம் ஆறி, கொஞ்சம் மீன்கறியோடு எலிசா வந்தாள். லீலாபாய் காப்பி டம்ளரை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கிக் குடித்துக்கொண்டிருந்தாள். விரல்கள் பழையபடி வீங்கி விறைத்திருந்தன.

"அய்யோ லீலா! திரும்பவும் வந்துட்டா? ஆசான் மருந்து இவ்வளவுதானா? லிஜிக்குப் போன் போட்டு வரச் சொல்லட்டா?"

"அவளுக்குச் சொல்லாதீங்க அக்கா. ஆஸ்பத்திரி மாத்திரைய திரும்பத் தொடங்கியாச்சு. பைய சரியாவும்."

"அது வரைக்கும் ஒனக்கு ஹூக்கு யாரு..."

கேட்டுக்கொண்டே வந்த எலிசா நிறுத்தினாள். லீலாபாய் குளித்து, பாங்காக உடுத்தி உட்கார்ந்திருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. மேசையில் இருந்த ஊறுகாய்க் குப்பியில் மூடி இல்லை. எலாஸ்டிக் வைத்துத் தைத்த ஒரு துணித் தொப்பி கவிழ்ந்திருந்தது.

லீலாபாய் சிரித்துக்கொண்டே எழுந்து அலமாரியை முழங்கையால் நெம்பித் திறந்தாள். பதினெட்டு ஜம்பர்கள். ஒன்றில்கூட ஹூக் இல்லை. செருப்பில் வருமே, ஒட்டிப் பிரிக்கிற பட்டை, அதுதான் எல்லாவற்றிலும். பாவாடைகளில் நாடாவுக்குப் பதில் எலாஸ்டிக்.

எலிசா வாயில் கைவைத்து நின்றாள்.

"காமாலை வந்தா செலருக்கு வாதம் கொஞ்ச நாள் ஒதுங்கி நிக்குமாம். காமாலை போனா அதும் திரும்பி வந்துருமாம். அன்னைக்கே டாக்டர் சொல்லிட்டாங்க" என்றாள் லீலாபாய். "அந்த அவசர ஆர்டர் எனக்குள்ளதுதான் எலிசாக்கா!"