தலைமாட்டில் இரண்டு அன்னங்கள்

கூடத்தின் நடுவே தேக்குக் கட்டில் கிடக்கிறது. தலைமாட்டுப் பலகையில் இரண்டு அன்னங்கள் ஒரே தாமரைத் தண்டை ஆளுக்கொரு முனையில் கவ்வியபடி எதிரெதிரே நிற்கின்றன. பிரகதாம்பாளின் கல்யாணத்துக்குச் செய்த கட்டில். கணவரின் வருஷ திதி போன வாரம் முடிந்தது. நாளை அவள் மகள் வீட்டுக்குப் போகிறாள். அங்கே அவளுக்கு ஒதுக்கிய அறையில் பாதிக் கட்டிலுக்குத்தான் இடம். ஆசாரி குணசேகரன் தண்டின் நடுவில் பென்சிலால் கோடு இழுக்கிறார். வெளியே அறுவடை இயந்திரம் சம்பா வயலைச் சுற்றி வருகிறது. சன்னல் வெயிலில் வைக்கோல் தூசி மிதக்கிறது. இடப்பக்க அன்னத்தின் இறகுகள் நேற்றுச் செதுக்கியது போலிருக்கின்றன. வலப்பக்க அன்னத்தின் கழுத்து, தலை சாய்த்துச் சாய்த்து மழுங்கி, எண்ணெய் ஏறிக் கறுத்திருக்கிறது. “இந்த இடப்பக்கத்தையே வச்சுக்குங்கம்மா, புதுசாட்டம் இருக்கு,” என்கிறார் ஆசாரி. “அது நான் படுத்த பக்கம். அதை நீங்க எடுத்துட்டுப் போங்க,” என்கிறாள் அவள். ஆசாரி ரம்பத்தைக் கோட்டில் வைக்கிறார். “ஆடாம பிடிச்சுக்குங்கம்மா.” அவள் குனிந்து, கறுத்த கழுத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்கிறாள்.